பாட்டி கேட்பது தமிழில், பேரன் சொல்வது ஆங்கிலத்தில்: சிட்னி புறநகரில் இந்தியர்களின் வீட்டு மொழிகள்

சிட்னி மாநகரின் மையத்திலிருந்து மேற்கு நோக்கிப் போகும் ரயிலில் ஏறினால், ஏறத்தாழ அரை மணி நேரத்தில் ஹாரிஸ் பார்க் நிலையம் வரும். அதைத் தாண்டினால் பரமட்டா, வெஸ்ட்மீட், வெண்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், துங்காபி, செவன் ஹில்ஸ் என்று வரிசையாக நிலையங்கள். ஆஸ்திரேலியாவில் இந்திய வம்சாவளியினர் அடர்த்தியாக வாழும் புறநகர்களில் பல இந்த ஒரே ரயில் பாதையை ஒட்டியே உள்ளன.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள பல தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பெயர்கள் புதியவை அல்ல. படிக்கப் போன மகனோ, வேலைக்குப் போன மருமகளோ, குடியேறிப் போன சித்தப்பாவோ அங்கே இருப்பார். அவர்களைப் பார்க்கப் போய்த் திரும்பும் பெரியவர்கள் சொல்லும் ஒரு செய்தி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேரப்பிள்ளைகதான் தமிழ்ல பேச மாட்டேங்குது."

அந்தப் புறநகர் வீடுகளில் என்னென்ன மொழிகள் பேசப்படுகின்றன, அவற்றை அரசு எப்படிக் கணக்கிடுகிறது, அந்தக் கணக்கால் குடும்பங்களுக்கு என்ன கிடைக்கிறது, கணக்குக்குள் வராமல் எது போய்விடுகிறது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

எப்படிக் குடியேறினார்கள்?

ஆஸ்திரேலியா நெடுங்காலம் ஆசியர்களுக்குக் கதவை அடைத்து வைத்திருந்த நாடு. 1901-ஆம் ஆண்டின் குடிநுழைவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கு மொழியையே கருவியாக்கியது. வருபவரிடம் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் கொண்ட பத்தியைச் சொல்லி எழுதச் சொல்வார்கள். ஆங்கிலம் தெரிந்தவர் என்றால் வேறோர் ஐரோப்பிய மொழியில் சோதிக்கலாம். வேண்டாதவரைத் திருப்பி அனுப்புவதற்காகவே வைக்கப்பட்ட சோதனை அது. 1958-இல்தான் அது நீக்கப்பட்டது. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் மிச்சங்கள் 1973-இல் முடிவுக்கு வந்தன.

இந்தியா 1947-இல் விடுதலை பெற்ற பிறகு அங்கே போன முதல் அலையில் ஆங்கிலோ இந்தியர்கள் மிகுதி. அவர்களின் தாய்மொழியே ஆங்கிலம். 1970-களுக்குப் பிறகு மருத்துவர்கள், பொறியாளர்கள், ஆசிரியர்கள் வந்தனர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் வந்தனர். 1990-களின் இறுதியில் கணினித் துறையினரும், 2000-க்குப் பிறகு பல்லாயிரக்கணக்கான மாணவர்களும் வந்து சேர்ந்தனர்.

மேற்குப் புறநகர்கள் இவர்களை ஈர்த்ததற்குக் காரணங்கள் எளியவை. நகர மையத்தை விட வீட்டு வாடகை குறைவு. ரயில் வசதி உண்டு. 1978-இல் திறக்கப்பட்ட வெஸ்ட்மீட் மருத்துவமனை பெரிய வேலையிடம். பரமட்டா மாநகரின் இரண்டாவது வணிக மையமாக வளர்ந்தது. கிராவீன் இடைநிலைப்பள்ளி தேர்வு எழுதித் தேறியவர்களை மட்டுமே சேர்க்கும் பள்ளி. பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு வீடு தேடும் பெற்றோருக்கு அதுவும் ஒரு கணக்கு. பிறகு கோயில், மளிகைக் கடை, இட்லி மாவு விற்கும் கடை என்று ஒவ்வொன்றாக வந்தன. மேஸ் ஹில்லில் உள்ள சிட்னி முருகன் கோயில் இந்த வட்டாரத் தமிழர்கள் கூடும் இடமாக நிலைத்துவிட்டது.

ஒரு ரயில் பாதை, பல மொழிகள்

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது "இந்தியர் பகுதி". உள்ளே போனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சாயல் உண்டு. சிறு இந்தியா என்று பெயர் பெற்ற ஹாரிஸ் பார்க்கில் குஜராத்தியும் இந்தியும் பஞ்சாபியும் அதிகம் கேட்கும். வெஸ்ட்மீட்டில் தெலுங்குக் குடும்பங்கள் கணிசம். வெண்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், கிராவீன், துங்காபி பக்கம் வந்தால் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழிகளில் தமிழ் முன்வரிசையில் நிற்கும். வடக்கே கிளென்வுட்டில் குருத்துவாராவைச் சுற்றிப் பஞ்சாபிக் குடும்பங்கள் திரண்டிருக்கின்றன.

நாடு முழுவதுக்குமான எண்ணிக்கை இந்த வளர்ச்சியைத் தெளிவாகக் காட்டும். 2016-இல் ஆஸ்திரேலியாவில் இந்தியாவில் பிறந்தவர்கள் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர். 2021-இல் அது 6 லட்சத்து 73 ஆயிரமாக உயர்ந்தது. வெளிநாட்டில் பிறந்தவர்களில் இங்கிலாந்துக்கு அடுத்த இடத்தை இந்தியா பிடித்தது.

வீட்டில் பேசும் மொழி என்று பார்த்தால், 2021 கணக்கெடுப்பில் பஞ்சாபி 2 லட்சத்து 39 ஆயிரம், இந்தி 1 லட்சத்து 97 ஆயிரம், தமிழ் 95 ஆயிரம், குஜராத்தி 81 ஆயிரம், மலையாளம் 78 ஆயிரம், தெலுங்கு 59 ஆயிரம். ஐந்தாண்டுக்கு முன் தமிழ் 73 ஆயிரமாக இருந்தது. அதாவது 30 விழுக்காடு வளர்ச்சி. பஞ்சாபி 80 விழுக்காடும் தெலுங்கு 70 விழுக்காட்டுக்கு மேலும் வளர்ந்தன.

எண்களைப் பார்த்தால் எல்லா மொழியும் செழிப்பாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் இந்த வளர்ச்சியில் மிகப் பெரும்பகுதி புதிதாக வந்து இறங்கியவர்களால் ஏற்பட்டது. விமானத்தில் வந்தவர் தம் மொழியோடு வருகிறார். அவர் பிள்ளை அந்த மொழியைப் பேசுகிறதா என்பது வேறு கேள்வி. குடியேற்றம் நின்றுபோனால் அடுத்த 20 ஆண்டுகளில் இந்த எண்கள் எப்படி இருக்கும் என்பதை வைத்தே ஒரு மொழியின் உண்மையான பலத்தைச் சொல்ல முடியும்.

மூன்று கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2021-இல் அது ஆகஸ்ட் 10-ஆம் தேதி நடந்தது. இந்திய வம்சாவளியினரை அடையாளம் காண அந்தப் படிவத்தில் மூன்று கேள்விகள் உதவுகின்றன. எந்த நாட்டில் பிறந்தீர்கள்? உங்கள் பூர்வீகம் என்ன? வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழியைப் பயன்படுத்துகிறீர்களா?

இந்த மூன்றுக்கும் ஒரே விடை வராது. கிள்ளானில் பிறந்து சிட்னியில் குடியேறிய ஒரு தமிழரை எடுத்துக்கொள்வோம். பிறந்த நாட்டுக் கணக்கில் அவர் மலேசியர். பெரும்பாலும் சீனர்களைக் கொண்ட அந்தப் பட்டியலில் அவர் கரைந்துவிடுவார். பூர்வீகத்தில் இந்தியர் என்றோ தமிழர் என்றோ எழுதலாம். வீட்டு மொழியில் தமிழ் என்று எழுதினால்தான் தமிழ்க் கணக்கில் சேர்வார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் பிறந்த நாட்டால் இலங்கையர். சுவாவில் பிறந்தவர் பீஜியர். டர்பனில் பிறந்தவர் தென்னாப்பிரிக்கர். இவர்கள் எல்லாரும் ஒன்றாகத் தெரியும் இடம் மொழிக் கேள்வி ஒன்றுதான்.

ஆகவே 95 ஆயிரம் என்ற தமிழ் எண்ணிக்கை தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் எண்ணிக்கை அல்ல. அதில் இலங்கைத் தமிழர்கள் பெரும் பங்கு. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களும் அதில் அடக்கம்.

அந்தக் கேள்விக்கு ஒருவர் ஒரு மொழியைத்தான் சொல்ல முடியும். ஆங்கிலம் தவிர இரண்டு மொழி பேசினால், அதிகம் பயன்படுத்தும் ஒன்றைக் குறிக்க வேண்டும். தமிழ்த் தாயும் தெலுங்குத் தந்தையும் உள்ள வீட்டில் வளரும் பிள்ளை இரண்டையும் பேசினாலும் கணக்கில் ஒன்றே ஏறும். பட்டியலில் அச்சிடாத மொழியைத் தனியே எழுதித் தர வேண்டும். "இந்தியன்" என்று எழுதினால் அது எந்த மொழியின் கணக்கிலும் சேராது.

ஒரே குடும்பம், இரண்டு கணக்கு

சிங்கப்பூரின் கணக்கோடு இதை ஒப்பிட்டால் ஒரு முக்கியமான வேறுபாடு தெரியும்.

சிங்கப்பூரில் கேட்கப்படும் கேள்வி, "வீட்டில் மிக அதிகமாகப் பேசும் மொழி எது?" என்பது. 2010-இல் சிங்கப்பூரின் இந்தியக் குடியிருப்பாளர்களில் 36.6 விழுக்காட்டினர் தமிழ் என்றனர். 2020-இல் அது 27.3 விழுக்காடாகக் குறைந்தது. அதே காலத்தில் ஆங்கிலம் என்றவர்கள் 41.6 விழுக்காட்டிலிருந்து 59.2 விழுக்காடாக உயர்ந்தனர்.

ஆஸ்திரேலியாவின் கேள்வி அப்படி இல்லை. ஆங்கிலத்தோடு வேறு மொழியும் வீட்டில் புழங்குகிறதா என்றுதான் கேட்கிறது. எவ்வளவு என்று கேட்பதில்லை.

இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறார்கள். பிள்ளைகளிடம் முக்கால்வாசி ஆங்கிலம். பாட்டியிடம் மட்டும் எல்லாரும் தமிழ். இந்தக் குடும்பம் சிங்கப்பூரில் இருந்தால் "ஆங்கிலம் பேசும் வீடு" என்று பதிவாகும். சிட்னியில் இருந்தால் "தமிழ் பேசும் வீடு" என்று பதிவாகும். பேச்சு மாறவில்லை, கேள்விதான் மாறியது.

எனவே சிங்கப்பூர் எண்ணை வைத்துத் தமிழ் அழிந்துவிட்டது என்று கலங்குவதும், ஆஸ்திரேலிய எண்ணை வைத்துத் தமிழ் தழைக்கிறது என்று மகிழ்வதும் இரண்டுமே அவசரம். 2020 சிங்கப்பூர் கணக்கெடுப்பிலேயே, வீட்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசும் குடியிருப்பாளர்களில் 87 விழுக்காட்டினர் தாய்மொழி ஒன்றையும் வீட்டில் பேசுவதாகத் தெரிய வந்தது. அது எல்லா இனத்தவருக்கும் சேர்ந்த கணக்கு. மொழி வீட்டை விட்டுப் போகவில்லை, முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். இரண்டாம் இடத்திலிருந்து அடுத்த தலைமுறையில் எங்கே போகும் என்பதுதான் கவலைக்குரியது.

வீட்டுக்குள் நடப்பது

ஆஸ்திரேலிய மொழியியலாளர் மைக்கேல் கிளைன் பல பத்தாண்டுகள் இந்தக் கணக்கெடுப்பு எண்களை ஆராய்ந்தவர். ஒரு நாட்டிலிருந்து வந்தவர்களில் எத்தனை விழுக்காட்டினர் "வீட்டில் ஆங்கிலம் மட்டும்" என்று சொல்கிறார்கள் என்பதைக் கொண்டு மொழி மாற்றத்தை அவர் அளந்தார். நெதர்லாந்தில் பிறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முதல் தலைமுறையிலேயே ஆங்கிலத்துக்கு மாறியிருந்தனர். மாசிடோனியாவில் பிறந்தவர்களில் அப்படி மாறியவர்கள் மிகச் சிலரே. ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே பள்ளி. ஆனாலும் சில சமூகங்கள் மொழியைக் காத்தன, சில விட்டுவிட்டன. அருகருகே வாழ்வது, ஒரே சமய வழிபாட்டில் கூடுவது, தாத்தா பாட்டி உடன் இருப்பது, வீட்டுக்குள் திருமண உறவு எப்படி அமைகிறது என்பவை எல்லாம் இதில் பங்கு வகிக்கின்றன.

இந்தியர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வரும்போதே ஆங்கிலம் நன்றாகத் தெரிந்து வருகிறார்கள். வேலைக்கு அது பெரிய பலம். வீட்டு மொழிக்கு அதுவே பலவீனம். ஆங்கிலம் தெரியாத தாயிடம் பிள்ளை வேறு வழியின்றித் தாய்மொழியில் பேசும். ஆங்கிலம் தெரிந்த தாயிடம் பேச அந்தக் கட்டாயம் இல்லை.

மாற்றம் பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கிறது. முதல் பிள்ளை நான்கு வயது வரை வீட்டு மொழியில் பேசுகிறது. குழந்தைக் காப்பகத்திலோ பாலர் வகுப்பிலோ சேர்ந்த சில மாதங்களில் வீட்டுக்கு ஆங்கிலத்தைக் கொண்டு வருகிறது. இரண்டாவது பிள்ளைக்கு அண்ணன் அல்லது அக்காவே ஆங்கில ஆசிரியர். அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் ஆங்கிலம் பேசத் தொடங்கிய பிறகு பெற்றோரும் மெல்ல அதற்குள் இழுக்கப்படுகிறார்கள். முதலில் கண்டிப்பு ஆங்கிலத்தில் வருகிறது, பிறகு பள்ளிப் பாடம், பிறகு சாப்பாட்டு மேசைப் பேச்சு. கடைசியில் தமிழுக்கு மிஞ்சுவது சாப்பாட்டுப் பெயர், உறவுமுறை, சாமி கும்பிடுவது.

இதில் பெற்றோர் பலர் கவனிக்காத ஒரு கட்டம் உண்டு. அம்மா தமிழில் கேட்பார், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். "அவனுக்கு எல்லாம் புரியுது" என்று மனம் தேறிக்கொள்வார்கள். புரிவதும் பேசுவதும் வேறு. தமிழில் பதில் சொல்லிப் பழகாத பிள்ளை வளர்ந்து தாயானால், தன் குழந்தையிடம் தமிழில் கேள்வி கேட்க அதற்கு வராது. கேட்டுப் புரிந்துகொள்ளும் தலைமுறையோடு சங்கிலி அறுந்துவிடும். அமெரிக்க மொழியியலாளர் ஜோஷுவா ஃபிஷ்மன் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியது இதைத்தான்: பள்ளி, வானொலி, விழா எல்லாம் துணை; வீட்டில் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு வாய்வழி கொடுத்தால்தான் மொழி நிற்கும்.

பாட்டி தாத்தாவின் பங்கு இங்கே பெரிது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சில மாதங்கள் வந்து தங்கும் பெரியவர்களே பல வீடுகளில் தமிழின் உயிர்நாடி. ஆனால் ஓராண்டுக்குக் குறைவாகத் தங்க வந்தவர்கள் வெளிநாட்டு வருகையாளர் என்று தனியே வகைப்படுத்தப்படுவதால், மொழிக் கணக்கின் வழக்கமான அட்டவணைகளில் அவர்கள் வருவதில்லை. வீட்டில் அதிகத் தமிழ் பேசும் ஆள் கணக்கில் இல்லை. அவர் ஊர் திரும்பிய மறுவாரமே வீட்டின் பேச்சும் மாறிவிடுகிறது.

மூன்று கரைத் தமிழ்

சிட்னி மேற்கில் தமிழ் பேசுவோர்க்குள்ளும் வேறுபாடு உண்டு. காலையில் சந்திக்கும்போது மலேசியத் தமிழர் "பசியாறிட்டீங்களா?" என்பார். தமிழ்நாட்டுக்காரர் "டிபன் ஆச்சா?" என்பார். யாழ்ப்பாணத்தார் பேசுவதில்லை, "கதைப்பார்". மலேசியத் தமிழர் பேச்சில் பசாரும் தாமானும் வரும். இலங்கைத் தமிழர் பேச்சில் பாணும் வரும்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் இந்தப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். பாலர் மலர் தமிழ்ப் பள்ளி, வெண்ட்வொர்த்வில், ஹோம்புஷ் முதலிய இடங்களின் தமிழ்க் கல்வி நிலையங்கள் என்று பல அமைப்புகள் தொண்டூழியர்களைக் கொண்டு வகுப்பு நடத்துகின்றன. ஆசிரியர் சொல்லும் சொல் ஒன்று, வீட்டில் அம்மா சொல்லும் சொல் வேறு என்றால் பிள்ளை குழம்பும். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளி அதோடு சேரும். "வந்துகொண்டிருக்கிறேன்" என்று புத்தகத்தில் படித்த பிள்ளை, வீட்டில் "வந்துக்கிட்டிருக்கேன்" என்று கேட்டால் இரண்டும் ஒன்றென்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். ஆறு நாள் ஆங்கிலப் பேச்சுக்கு நடுவே வாரத்தில் இரண்டு மூன்று மணி நேர வகுப்பு அதற்குப் போதுவதில்லை. அந்தப் பாலத்தைக் கட்ட வேண்டிய இடம் வீடு.

தோட்டத்தில் முன்பே நடந்த கதை

ஒரு மொழி இன்னொன்றை வீட்டுக்குள் இருந்து மெல்ல விழுங்குவது மலேசியத் தமிழர்களுக்கு அறியாத செய்தி அல்ல. மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் மட்டும் வரவில்லை. பேராக்கின் பாகான் டத்தோ வட்டாரத்துத் தோட்டங்களில் தெலுங்கர்கள் திரளாக இருந்தனர். மலையாளிகள் பலர் கிராணிகளாக வேலை பார்த்தனர். ஆனால் லயத்தில், பெரட்டில், கோயிலில், பள்ளியில் பொது மொழி தமிழாக இருந்தது. காலப்போக்கில் தெலுங்கு வீடுகள் பலவற்றில் பிள்ளைகள் தமிழ் பேசினர். தெலுங்கைக் காக்க 1955-இல் சங்கம் அமைக்க வேண்டி வந்தது.

பீஜித் தீவில் நேர்மாறாக நடந்தது. 1903 முதல் 1916 வரை தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். கரும்புத் தோட்டங்களில் அவர்களுக்கு முன்பே வட இந்தியர்கள் இருந்தனர். பொது மொழியாக உருவானது பீஜி இந்தி. 1926-இல் தென்னிந்தியர் சங்கம் தோன்றிப் பள்ளிகளை நடத்தியபோதும், இன்று அந்தத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் பேசுவது பீஜி இந்திதான். சிட்னியில் லிவர்பூல் பக்கம் குடியேறிய பீஜி இந்தியர்களில் கவுண்டர், நாயுடு, பிள்ளை என்று பெயர் உள்ளவர்களைப் பார்க்கலாம். பெயரில் தமிழகம் இருக்கும், வீட்டில் தமிழ் இருக்காது.

மலாயாவில் தமிழ் விழுங்கிய மொழி, பீஜியில் விழுங்கப்பட்ட மொழி. தமிழ் அங்கே ஒரு பழமையும் இங்கே ஒரு பழமையும் உடையதல்ல. சுற்றியிருந்த பொது மொழி எது, வீட்டுக்குள் அதை எதிர்த்து நின்ற பழக்கம் எவ்வளவு என்பதே முடிவைத் தீர்மானித்தது. சிட்னியில் பொது மொழி ஆங்கிலம்.

எண்ணிக்கையால் கிடைப்பவை

வீட்டு மொழியைப் படிவத்தில் சரியாக எழுதுவது வெறும் பெருமைக்காக அல்ல. மொழிபெயர்த்த சுகாதாரக் குறிப்பு எந்தெந்த மொழிகளில் வேண்டும், எந்தப் பகுதி நூலகத்தில் எந்த மொழி நூல் வைப்பது, எந்த மொழியில் முதியோர் பராமரிப்பு ஊழியர் தேவை என்பதற்கெல்லாம் இந்த எண்கள் அடிப்படை. எஸ்.பி.எஸ். என்ற அரசு ஒலிபரப்பு நிறுவனம் எந்தெந்த மொழிக்கு வானொலி நேரம் என்று முடிவு செய்யும்போது கணக்கெடுப்பு எண்களைப் பார்க்கிறது. 2013-இல் மலையாளம் அதில் புதிதாகச் சேர்ந்தது அப்படித்தான். தமிழ் ஒலிபரப்பு அதற்கு முன்பே இருந்து வருகிறது.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பாலர் வகுப்பு முதல் 10-ஆம் ஆண்டு வரை தமிழுக்கு அதிகாரபூர்வப் பாடத்திட்டம் உண்டு. பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யிலும் தமிழை ஒரு பாடமாக எழுதலாம். பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் அது சேரும். தமிழ் படித்தால் என்ன பயன் என்று கேட்கும் 15 வயதுப் பிள்ளைக்கு இது ஓர் உறுதியான பதில்.

மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அரசுக் கல்வி முறைக்குள் இயங்குகின்றன. ஆறாண்டு முழுவதும் தமிழில் படிக்கும் அந்த வாய்ப்பு சிட்னிப் பிள்ளைக்கு இல்லை. அங்கே வார இறுதி வகுப்புக்கே இடம் தேடி, அரசு உதவிக்கு மாணவர் எண்ணிக்கை காட்டி, தொண்டூழிய ஆசிரியரைப் பிடித்துப் பள்ளி நடத்துகிறார்கள். ஆகவே எண்ணிக்கை ஒவ்வொன்றும் அவர்களுக்குத் தேவை.

முதுமையில் திரும்பும் மொழி

வீட்டு மொழியின் அருமை சில குடும்பங்களுக்கு மிகத் தாமதமாகத் தெரிகிறது. ஆங்கிலத்தைப் பள்ளியிலோ வேலையிலோ கற்றவர்கள், முதுமையில் மறதி நோய் கண்டால் ஆங்கிலத்தை முதலில் இழந்து, குழந்தையில் பேசிய மொழிக்கே திரும்புவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. நாற்பது ஆண்டுகள் ஆங்கிலத்தில் அலுவலகம் நடத்திய அப்பா, எண்பது வயதில் தண்ணீர் வேண்டும் என்பதைத் தமிழில் மட்டுமே கேட்பார். அப்போது பக்கத்தில் இருக்கும் மகளுக்குத் தமிழ் தெரியாவிட்டால்?

ஆஸ்திரேலியாவில் 131 450 என்ற தொலைபேசி எண்ணில் 24 மணி நேரமும் மொழிபெயர்ப்பாளர் சேவை கிடைக்கிறது. தமிழும் அதில் உண்டு. மருத்துவமனைக்குப் போகும் பெரியவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுப் பெறலாம். ஆனால் சொந்தப் பேரப்பிள்ளையோடு பேச மொழிபெயர்ப்பாளரை வைக்கும் நிலை எந்தத் தாத்தாவுக்கும் வரக்கூடாது என்பதே குடும்பங்களின் ஆசை.

மொழியைக் காத்த வீடுகள் செய்வது

தாய்மொழி நிலைத்த வீடுகளில் பொதுவாகச் சில பழக்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

ஒருவர் ஒரு மொழி என்று வைத்துக்கொள்வது முதலாவது. அம்மா எப்போதும் தமிழ் என்றால் எப்போதும் தமிழ்தான். கடையில், பேருந்தில், மற்றவர் முன்னிலையில் மாற்றக் கூடாது. வெளியில் பேச வெட்கப்படும் மொழியைப் பிள்ளை விரைவில் கைவிடும்.

இரண்டாவது, பதிலும் தமிழில் வர வேண்டும் என்ற பொறுமை. திட்டாமல், கேலி செய்யாமல், பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் திரும்பச் சொல்லி, அதைச் சொல்லவைத்து, பிறகு பேச்சைத் தொடர்வது. தவறாகப் பேசினால் உறவினர் கூடிச் சிரிப்பதுதான் பல பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறது.

மூன்றாவது, முதல் பிள்ளையைத் துணைக்கு வைத்துக்கொள்வது. மூத்த பிள்ளை தம்பி தங்கையிடம் தமிழில் பேசினால் பாதி வேலை முடிந்தது.

நான்காவது, மொழிக்கு வீட்டில் ஒரு வேலை கொடுப்பது. பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது, சமையலுக்கு உதவுவது, சீட்டு விளையாடுவது, ஊர்க்கதை கேட்பது என்று தமிழில் மட்டுமே நடக்கும் காரியம் தினமும் ஒன்று இருந்தால் போதும். பாடப் புத்தகத்தை விட அது ஆழமாகப் பதியும்.

இரண்டு மொழி பேசினால் பிள்ளை குழம்பும், ஆங்கிலத்தில் பின்தங்கும் என்ற பயம் இன்னும் பல பெற்றோரிடம் உள்ளது. பள்ளியும் தெருவும் தொலைக்காட்சியும் ஆங்கிலமாக உள்ள ஊரில் பிள்ளைக்கு ஆங்கிலம் வராமல் போகாது. வராமல் போகக்கூடியது வீட்டில் மட்டுமே கிடைக்கும் மொழி.

2021-க்கு அடுத்த ஆஸ்திரேலியக் கணக்கெடுப்பின் நாள் 2026 ஆகஸ்ட் 11. அங்கே உறவினர் உள்ளவர்கள் அவர்களுக்கு நினைவூட்டலாம்: வீட்டில் தமிழ் புழங்கினால் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே தமிழ் என்று எழுத வேண்டும், பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது.

அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியதும் உண்டு. கிள்ளானிலோ ஈப்போவிலோ ஈசூனிலோ இருந்து வாரந்தோறும் பேரப்பிள்ளையோடு காணொளியில் பேசும் தாத்தா பாட்டி, பிள்ளைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று தாங்களும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். மாற வேண்டாம். "பசியாறிட்டியாய்யா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, பதில் தமிழில் வரும்வரை கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும்.